ஏழு இருபதுக்குக் கேட்ட சத்தம்

ரேடியோவைத் திருகுவதற்கு முன் தம்பிராஜா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். காற்றாடியை நிறுத்துகிறார். இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்குகிறார். சமையலறை விளக்கையும் அணைத்துவிட, உள்ளேயிருந்து மனைவி பூங்காவனம் கத்துகிறார்: "கறி அடிபிடிக்குது! கண்ணு தெரியலைங்க!"

"மொதல்ல நம்ம வீட்டு சத்தத்த அடக்கணும் லா. அப்புறந்தான் வெளிய உள்ளத கேக்கணும்."

எங்கள் ஊரான கஜா பெராங்கில் ரேடியோ பழுது பார்ப்பவர் இவர் ஒருவர்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப் பையில் ஒரு ரேடியோ வால்வு இருக்கும். யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தொண்டையில கரகரப்பு இருக்கே, பாத்தீங்களா?" என்பார். இத்தனை கெட்டிக்காரர் மூன்று வருஷங்களுக்கு முன் வசமாகச் சறுக்கினார்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ருஷ்யாக்காரன் விட்ட செயற்கைச் சந்திரன் 'பீப் பீப்' என்று ஒலித்தபடி உலகைச் சுற்றிக்கொண்டிருந்தது. ராணுவம் கழித்துக்கட்டிய ரிசீவர் ஒன்றைச் சீர்செய்து வைத்துக்கொண்டு இவர் அதற்காகக் காத்திருந்தார். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை சத்தம் பிடிபட்டது. 'பீப்' அல்ல, 'டிக்... டிக்...' பழைய ரிசீவர், அப்படித்தான் கேட்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ரிசீவரின் வட்டக் கம்பி ஏரியலைத் திருப்பித் திருப்பித் திசை பார்த்து, "கிளேபாங் கடல் பக்கம் லா!" என்று கூவினார். தெருவே உள்ளே கூடி, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று கேட்டது. வாத்தியார் ஜெயபாலன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏழு இருபது என்று குறித்து, சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதியும் போட்டுவிட்டார்.

மறுவாரம் அதே பத்திரிகையில் ஒரு வாசகரின் பதில் வந்தது: அந்த நேரத்தில் செயற்கைச் சந்திரன் பூமிக்கு அந்தப் பக்கம் இருந்தது! பள்ளிக்கூடமே சிரித்தது. வாத்தியார் சொன்னது இதுதான்: "தம்பிராஜா காது பொய் சொல்லாது. என் கடிகாரந்தான் ஏமாத்திருச்சி."

உண்மையில், தீபாவளிக்காகப் பூங்காவனம் வாசலில் ஒரு விளக்குச் சரம் கட்டியிருந்தார். விட்டுவிட்டு எரியும் வண்ண விளக்குகள். அவை எரிந்து அணையும் ஒவ்வொரு முறையும் ரேடியோவில் ஒரு 'டிக்'. வாசலும் கிளேபாங்கைப் பார்த்த வாசல். சரத்தைக் கழற்றிய அன்றே வானம் ஊமையாகிவிட்டது.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வாத்தியார்கிட்ட சொல்றது?" என்று தம்பிராஜா, பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் மட்டும் சொல்லி அழுதார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பத்திரிகையில் பதில் வந்த நாளிலிருந்து வாத்தியார் தினமும் மாலைச் செய்திக்கு முன் தம்பிராஜா வீட்டுக்கு வந்துவிடுவார். ரேடியோவில் மணி ஒலிக்கும்போது கடிகாரத்தைச் சரிபார்ப்பார். அது ஒருநாளும் தவறியதில்லை. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த நேரம் தம்பிராஜா மேசைக்கு அடியில் எதையாவது தேடிக்கொண்டிருப்பார்.

போன வெள்ளிக்கிழமை வாத்தியார் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்பா குடுத்தது. என்ன செய்ய, நம்ப முடியலியே. நாளைக்கு கடையில இத குடுத்துட்டு வேற வாங்கப் போறேன்."

தம்பிராஜா மேசைக்கு அடியிலிருந்து எழுந்தார். "குடுத்துடாதீங்க சார்" என்றார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அதிலிருந்து விளக்குச் சரத்தை எடுத்து, சிக்கைக்கூடப் பிரிக்காமல் மின்சாரத்தில் செருகினார்.

சிவப்பும் பச்சையுமாக எரிந்தது, அணைந்தது. செய்தி வாசிப்பவரின் குரலுக்கு நடுவே, 'டிக்... டிக்...'

வாத்தியார் விளக்கைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார்.

தம்பிராஜா தலையை நிமிர்த்தாமலே அவர் கையை இழுத்து, கடிகாரத்தைக் கட்டிவிட்டார்.