சமநிலை பிடிக்காத பாயிஸ்

கல்முனைக்குடியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் பாயிஸுக்குச் சமநிலை என்ற சொல்லே ஆகாது. கேட் செய்யச் சொல்லிவிட்டுப் போகிறவர், "அளவு கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் காரியமில்ல" என்று வாய் தவறிச் சொன்னால்கூட அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். கேட் ஒன்று பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பொருந்தக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அதற்கு என்ன வேலை? இப்படிப்பட்ட மனிதரை ஸலாஹுதீனுக்குச் சகலனாக்கி, ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடிவைத்தார் மாமனார். வைத்துவிட்டு அவர் கண்ணை மூடி மௌத்தாகிவிட்டார். அகப்பட்டுக்கொண்டது பாயிஸ்தான்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். மூத்த மகளைக் கட்டிய ஸலாஹுதீன் ஒரு காலத்தில் பேர்போன கோல் கீப்பர், இப்போது ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவர். இளையவள் றுமானாவைக் கட்டி மருதமுனையிலிருந்து வந்தவர் பாயிஸ். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. அதனால் இந்த வீட்டில் தேத்தண்ணீரோடு தொடங்கும் வாக்குவாதம் எந்தத் தடையும் இல்லாமல் அந்த வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டு வரும்.

வாக்குவாதம் எப்போதும் பந்தைப் பற்றியதுதான். பாயிஸ் கட்டாரில் ஒன்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்தவர். தங்குமிடத்தில் கூட இருந்த பிலிப்பீன்காரர்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் பாஸ்கட் போல் ஆடினார்கள். முதலில் வேடிக்கை பார்த்தார், பிறகு இறங்கி ஆடினார், பிறகு பைத்தியமாகவே ஆகிவிட்டார். ஊருக்கு வரும்போது பெட்டியில் காற்றிறக்கிய பந்து ஒன்று இருந்தது. அந்த இடத்தில் இரண்டு சேலையாவது வைத்திருக்கலாம் என்று றுமானா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பந்து வந்துவிட்டது, ஆட இடம் வேண்டுமே. கடற்கரை ஊரில் கால் வைத்த இடமெல்லாம் மணல். சுனாமிக்குப் பிறகு மைதானத்தின் ஓரத்தில் தற்காலிகக் கொட்டில்கள் போட்டிருந்தார்கள். கொட்டில்கள் போய் கொங்கிரீட் தரை மட்டும் மிஞ்சிக் கிடந்தது. பாயிஸ் அதன் வெடிப்புகளைச் சீமெந்தால் பூசி, இரும்பை ஒட்டி இரண்டு கம்பம் செய்து நட்டு, வளையமும் மாட்டினார். ஆண்பிள்ளைகள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வந்தது அவருடைய மகள் அம்ஹாவும் அவளுடைய கூட்டாளிகள் ஏழு பேரும்தான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பர்தாவை இறுக்கிக் குத்திக்கொண்டு வந்தால், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்கும் வரை ஓட்டம்தான். ஊரில் பெண்பிள்ளைகள் ஓடியாட அந்தத் தரையை விட்டால் வேறு இடமில்லை. பாயிஸ் தன் வாழ்நாளில் செய்த கேட் அத்தனையையும் ஒரு பக்கமும் அந்தத் தரையை மறுபக்கமும் வைத்தால், தரைப் பக்கம்தான் போய் நிற்பார்.

இந்த வருடம் கழகம் சந்தியில் பெரிய பதாகை ஒன்றைக் கட்டியது. 'இருபத்தொரு போட்டி, தோல்வியே இல்லை.' அதில் பதின்மூன்று சமநிலை என்பது பதாகையில் இல்லை. பாயிஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். மூன்றாம் நாள் தாங்க முடியாமல், அண்ணன் முறைக்குத் தான் காக்கா என்று கூப்பிடும் சகலனின் வாசலில் போய் நின்றார்.

"காக்கா, பதின்மூண்டு ட்ரோவ வெச்சிட்டு என்ன பெருமை? அமெரிக்காவுல பாஸ்கட் போல் ஒரு சீசனுக்கு எண்பத்திரண்டு ஆட்டம். ட்ரோ எண்டு ஒண்டே இல்ல. சமனா முடிஞ்சா இன்னும் அஞ்சு நிமிசம், அதுக்கும் சமனெண்டா இன்னும் அஞ்சு. ஆராவது தோத்தாத்தான் வீட்ட போகலாம். எழுபத்திமூண்டு வெண்டவங்களும் ஒம்பது தோத்திருக்காங்க. முழு சீசனையும் தோக்காம முடிச்ச ஆளே இல்ல!"

ஸலாஹுதீன் சாய்மானக் கதிரையில் சாய்ந்தபடி தேத்தண்ணீரை ஊதினார். "இங்கிலாந்துல முப்பத்தெட்டு ஆட்டமும் தோக்காம முடிச்சாங்களே."

"அதுல பன்னிரண்டு ட்ரோ!"

"இருக்கட்டுமே. உங்கட ஆட்டத்துல நூறு தரம் எறியலாம். ஒண்டு பிழைச்சா மத்ததுல எடுக்கலாம், கடைசில கெட்டிக்காரன்தான் வெல்லுவான். இதுல அப்படியா? தொண்ணூறு நிமிசம் நல்லா ஆடிட்டு, ஒரு பந்து குழியில பட்டுத் திரும்பினா முடிஞ்சி. அதுல தோக்காம நிக்கிறதுதான் பாடு. கோலுக்குள்ள நிண்டு பாத்தாத்தான் பூச்சியத்துக்குப் பூச்சியம் எண்டா என்னண்டு தெரியும்."

"அப்ப ஏன் இங்கிலாந்துக்காரங்களுக்கு முடிஞ்சது, அமெரிக்காக்காரங்களுக்கு முடியல்ல? ட்ரோ இருக்கிறதாலதான்! தோக்காம இருக்கிறது வேற காக்கா, வெல்லுறது வேற!"

"சரி சரி. ரெண்டுலயும் நியாயம் இருக்கு. தேத்தண்ணி குடி."

இதுதான் பாயிஸின் உயிரை வாங்கும். பதினாறு வருடமாக ஒரு வாக்குவாதத்தில்கூடச் சகலனைத் தோற்கடிக்க முடியவில்லை. தோற்கப் போகிற நேரம் பார்த்து 'ரெண்டுலயும் நியாயம்' வந்துவிடும். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று பாயிஸ் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். "ராத்தாக்குத் தலையிடியாம். கொஞ்சம் மெதுவாக் கதைக்கட்டாம்" என்று தன் அக்காவின் தூதாகச் சொல்வாள் றுமானா. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

வாசலில் நடந்தால் போகட்டும். கழகக் கூட்டத்திலும் மனிதர் இதையேதான் செய்தார். கொங்கிரீட் தரையை உடைத்துப் பார்வையாளர் மண்டபம் கட்ட வேண்டும் என்று பொடியன்மார் கேட்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. நிர்வாகத்தில் தலைவரோடு சேர்த்து ஒன்பது பேர், பாயிஸும் ஒருவர். ஒவ்வொரு முறையும் பேச்சு சூடேறும். யாராவது கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புவார்கள். அந்த நேரம் ஸலாஹுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, அடுத்த கூட்டத்துல பாப்பம். ஸலவாத்து ஓதுவம்" என்று தொடங்கிவிடுவார். கூட்டத்தை முடித்து வைக்க ஓதும் ஸலவாத்து தொடங்கிய பிறகு யார் வாய் திறப்பது? எல்லாரும் ஓதி, கை கொடுத்து, செருப்பைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள். இப்படியே ஐந்து கூட்டம் போனது. ஐந்து முறையும் பாயிஸ் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார். உடைப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் வருடக் கணக்கில் எத்தனை நாள் இருப்பது? சகலன் கழகத்தின் ஆள். மண்டபத்தை எப்படியாவது கொண்டுவரத்தான் நாளைக் கடத்துகிறார் என்றே அவர் நம்பினார்.

ஆறாவது கூட்டத்துக்கு அவர் ஆயத்தமாகப் போனார். நான்கு பேரைத் தனித்தனியாகக் கண்டு பேசியிருந்தார். சில்லறைக் கடை காலிதீன் உட்பட நால்வரும் "ஓம் ஓம், தரை இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார்கள். தன்னோடு ஐந்து. ஒன்பதில் ஐந்து போதும்.

பேச்சு சூடேறியது. ஸலாஹுதீன் தொண்டையைச் செருமினார். பாயிஸ் துள்ளி எழும்பினார்.

"காக்கா, ஸலவாத்துக்கு முதல் கை தூக்கச் சொல்லுங்க! ட்ரோ வேணாம். இண்டைக்கு ஒண்டு வெல்லணும், இல்லாட்டித் தோக்கணும்."

"அவசரம் என்னத்துக்கு பாயிஸ்? அடுத்த கூட்டத்துல…"

"அடுத்த கூட்டமும் இல்ல, மறுகா ஒரு கூட்டமும் இல்ல. இப்ப!"

வாசலில் நின்ற பொடியன்மார் கைதட்டினார்கள். அவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஸலாஹுதீன் பாயிஸை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "உடைக்கணும் எண்டுறவங்க கை தூக்குங்க" என்றார்.

மூன்று கை எழும்பியது. பாயிஸுக்கு நெஞ்சு குளிர்ந்தது. காலிதீன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்றவர்களில் அவருடைய மகனும் ஒருவன், அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். காலிதீனின் கை மெதுவாக மேலே போனது. அவரைப் பார்த்து இன்னொரு கையும் போனது. ஐந்து.

"தரை இருக்கட்டும் எண்டுறவங்க."

பாயிஸ் கை தூக்கினார். இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். நான்காவது கை தலைவரின் கதிரையிலிருந்து எழும்பியது. பாயிஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸலவாத்து ஓதி முடிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கம்பங்களை வெட்டும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. ஊரில் அதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவர் அடியில் வெட்டினார், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் பக்கம் கம்பம் சாயாமல் ஸலாஹுதீன் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது கம்பமும் விழுந்த பிறகு பாயிஸ் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி எறிந்தார்.

"தரை பக்கம்தான் எண்டா ஏன் காக்கா ஒரு சொல் சொல்லல்ல?"

"உனக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. மறுகா தலைவர் ஒரு பக்கம் எண்டு பொடியன்மார் சொல்லி, முதல் கூட்டத்துலயே கை தூக்க வெச்சிருப்பானுகள். நான் எண்ணித்தான் வெச்சிருந்தன் பாயிஸ். எந்தக் கூட்டத்துலயும் எங்களுக்கு நாலு கைக்கு மேல இருக்கல்ல."

"எனக்கிட்டயாவது…" என்று தொடங்கினார் பாயிஸ். கோபம் வழக்கம்போல வந்தது. யாரில் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஆறு கூட்டம், ஐந்து சமநிலை, ஒரு தோல்வி. அந்த ஐந்தில்தான் அம்ஹா இரண்டு வருடம் ஓடியிருக்கிறாள். அந்த ஒன்றை மட்டும் அவரே எழும்பி நின்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

அன்றைக்கே கம்பங்களைக் கொண்டுவந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் நட்டார்கள். ஸலாஹுதீன்தான் குழி தோண்டினார். அஸருக்குப் பிறகு அம்ஹா பர்தாவை இறுக்கிக் குத்திக்கொண்டு பந்தோடு வந்தாள். வளையத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். பிறகு பழக்கத்தில் பந்தை நிலத்தில் ஓங்கித் தட்டினாள்.

பந்து மணலில் பொத்தென்று விழுந்து அங்கேயே கிடந்தது. அவள் கை இன்னும் அது மேலே வருமென்று நீட்டியபடி இருந்தது.