அக்ஸோரியஸ்

பசியில் வயிறு இரைவதற்கு ஆங்கிலத்தில் போர்போரிக்மஸ் என்று பெயர். எனக்கு ஏழு வயதிலேயே அது தெரியும். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "வாய்க்குள்ள உருட்டிப் பாரு, வயிறே பேசுத மாதிரி இருக்கும்" என்றாள். இருந்தது.

அம்மா நாசரேத்துக்காரி. அவள் பிறந்த வீட்டில் ஆண், பெண் எல்லோரும் வாத்தியார்கள். அவளும் கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியிருக்கிறாள். எங்கோ படித்த, எங்கேயும் பயன்படாத ஆங்கிலச் சொற்கள் அவள் நினைவில் ஏராளமாகக் கிடந்தன. அவற்றை வைத்து அவள் யாரிடமும் பெருமை பேசியதில்லை. மக்ரூனை வாயில் கரையவிடுவது போல மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாள், தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். வேலை ஒன்றும் இல்லாமல் கரையில் நின்று படகுகளை வேடிக்கை பார்ப்பவனுக்கு கான்கூஸ்லர் என்று பெயராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் கடற்கரைக்குப் போய் கான்கூஸ்லர்களாக நிற்போம்.

மூன்றாவது ஆள் அப்பா. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். தூத்துக்குடியில் விசைப்படகுகளுக்கு வேண்டிய கயிறு, பெயிண்ட், மிதவை விற்கும் எங்கள் குடும்பக் கடையில் அண்ணன் தம்பி மூவரில் அவர்தான் இளையவர். அண்ணன்கள் இருவருக்கும் வீட்டிலிருந்து கடைக்கு டிபன் கேரியர் போகும். அப்பா மட்டும் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். கைகால் கழுவும்போதே, "டீச்சர், இன்னைக்கு என்ன வார்த்த?" என்பார். அம்மா சொல்வாள். அவர் வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்வார். அவள் திருத்துவாள். அவர் இன்னும் தப்பாகச் சொல்வார். குழம்பு ஆறிப்போகும்.

குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடம் தூக்குவது அப்பாதான். மாடியில் துணி காயப்போடுவதும் அவர்தான். இது தெரு முழுக்கத் தெரிந்து, கடைக்கும் தெரிந்து, மூத்த பெரியப்பா அவருக்குப் பொண்டாட்டிதாசன் என்று பெயர் வைத்திருந்தார். அப்பா அதற்குத் தலையைக் குனிந்து சிரிப்பார்.

அந்தப் பெயருக்கு அம்மா ஒரு மாற்றுக் கண்டுபிடித்தாள். "ஒங்கப்பாவுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்த இருக்கு. அக்ஸோரியஸ்." எனக்கு அது ஒரு ராஜாவின் பெயர் போல இருந்தது. அப்பாவும் ரகசியமாகச் சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் அதைத் தப்பில்லாமல் சொன்னார்.

அப்புறம் பெரியப்பா மாப்பிள்ளையூரணியில் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். மத்தியானம் கறி விருந்து. ஆண்கள் சாப்பிட்டு முடித்து, இலைகளை எடுக்காமலே அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கடைசிப் பந்தியில் எதிரே உட்கார்ந்தார்கள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அண்டாவில் கறி தீர்ந்துவிட்டது. அப்பா எங்கிருந்தோ ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்த கறியைக் கொண்டுவந்து அம்மா இலையில் வைத்தார்.

"ஏலே, அப்படியே ஊட்டி விட்டுட்டு வா. நாங்க காத்திருக்கோம்" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வழக்கம் போலத் தலையைக் குனிந்தார். அன்று அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

"அதுக்கு இங்கிலீஷ்ல அழகான வார்த்த இருக்கு பெரியத்தான். அக்ஸோரியஸ்."

"என்னது? வையுதியா வாழ்த்துதியா?"

"பொண்டாட்டி மேல உசுரா இருக்கவர்னு அர்த்தம்."

பெரியப்பா மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கையில் எப்போதும் செல்போன் இருக்கும். அவள் தேடிப் பார்த்து, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், சத்தமாகத் தமிழில் சொன்னாள். "மனைவி மேல அளவுக்கு மீறிப் பிரியம் வச்சு, அவளுக்கு அடங்கிக் கெடக்கவன்."

பெரியப்பா முழங்காலில் தட்டிக்கொண்டார். "இத்தன நாளா நாம தமிழ்ல சொன்னத இவ இங்கிலீஷ்ல சொல்லுதா. கட்டுனவளே ஒத்துக்கிட்டா, இனி நமக்கு என்ன பேச்சு."

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமானது. பரிமாற வந்த வெளியாட்கள்கூடச் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஏளா, எந்திரி" என்றார்.

அம்மாவை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அம்மாவும் கேட்டிருக்க மாட்டாள். அதனால்தான் தன்னை இல்லை என்பது போலப் பக்கத்தில் பார்த்தாள்.

"ஒன்னத்தான். எந்திரிச்சு அங்கன கெடக்க எலய எல்லாம் எடு."

"சாப்பிட்டுட்டு எடுக்கேன்."

"எடுன்னேன்."

அம்மா எழுந்தாள். சோற்றுக் கையோடு எதிர் வரிசைக்குப் போய், ஆண்கள் சாப்பிட்ட எச்சில் இலைகளைக் குனிந்து குனிந்து மடித்து எடுத்தாள். கூட எழுந்த பெரியம்மாவைப் பெரியப்பா கண்ணாலேயே உட்கார வைத்தார். கடைசி இலை போன பிறகு அப்பாவின் முதுகில் தட்டி, "இப்பதாம்லே நீ ஆம்பள" என்றார். அப்பா அவரைப் பார்த்துச் சிரித்தார். தலையைக் குனியாமல் சிரித்தார்.

அம்மாவின் இலையில் கறி அப்படியே இருந்தது. நான் அதை எடுத்துத் தின்றேன்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டிலிருந்தும் கேரியர் போனது. குடத்தை அம்மாவே தூக்கினாள். டீச்சர் என்ற பெயர் வீட்டிலிருந்து போய்விட்டது. அப்பா அம்மாவை அடித்ததில்லை, எதற்கும் குறை வைத்ததில்லை. ஊரில் பாதிப் பேரைவிட நல்ல புருஷன் என்றுதான் இன்றைக்கும் சொல்வார்கள். அம்மா சொன்ன பொருளும் தப்பில்லை. அந்தச் சொல்லில் இருந்த ஏளனத்தை மட்டும் அவள் எங்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தாள். புருஷன் மேல் அளவுக்கு மீறிப் பிரியம் வைக்கிறவளுக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு என்று வளர்ந்து பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். பல அகராதிகளில் அது கிடையாது. அப்படி இருப்பதை யாரும் அளவு மீறியதாக நினைக்காததால் தேவைப்படவில்லை போலும்.

விருந்து முடிந்து சில நாள் கழித்து, அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, புதிதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"எல்லாம் தீந்துட்டு" என்றாள்.

அரிசி தீரும், எண்ணெய் தீரும். இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது, அம்மாவிடம் இருந்தது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.