வெல்டு இல்லாத மூலை

நடந்தது இவ்வளவுதான்.

1. தகட்டு உதிரிபாகங்களின் கணினி மாடலில் வெல்டு வரும் இடங்களைத் தானாகவே கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன்.
2. அதுவரை அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்தவர், பாறசாலையிலிருந்து எங்கள் தம்பானூர் அலுவலகத்துக்கு வந்துபோன லில்லி அக்கா.
3. புரோகிராம் தேறினால் அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று மேலாளர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார்.
4. அதைச் சரிபார்க்கும் பொறுப்பையும் அக்காவிடமே கொடுத்தார்.

மேலாளருக்குக் காட்டவேண்டிய அன்று காலை அக்கா என்னைத் தன் திரைக்கு அழைத்தார். மடித்த தகட்டின் ஒரு மூலையில் இரண்டு விளிம்புகள் நெருங்கி நின்றன. அங்கே வெல்டு இருப்பதாகப் புரோகிராம் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"இது தண்ணி வடிய விட்ட இடைவெளியாக்கும். இதப் போயி அடைச்சு வச்சிருக்கு ஒன் புத்திசாலி. சார் காணுததுக்கு முந்தி சரியாக்கிரு மக்ளே."

"இத நீங்க சார்ட்டயே சொல்லியிருந்தா, அக்கா..."

"சொன்னா ஒன்னத் திட்டுவாரு. அதக் கேட்டுட்டு நான் இங்க இருக்கணுமாக்கும்? போட்டீ, போயி வேலையப் பாரு."

இடைவெளியின் அகலத்தையும் பார்க்கும்படி ஒரு விதி சேர்த்தேன். கோடு மறைந்ததும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

மதியம் மேலாளர் கேட்டபோது, "எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார் அக்கா. தன் வேலையைப் பறிக்கும் உண்மையை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லும் ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த மாதத்தோடு அக்கா நின்றுவிட்டார். என் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.