இறால் ஏன் சாகவில்லை

மருந்து வேலை செய்யவில்லை என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு இறால். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். திருச்சி மீன்கடைக்காரருக்கும், வளைகுடாவில் இருந்த என் கணவருக்கும், லாரி ஓட்டும் என் கொழுந்தனுக்கும் பிடிபடாத ஒன்று எனக்குப் பிடிபட்டது. சாக வேண்டிய நேரத்தில் அந்த இறால் சாகாமல் இருந்ததுதான் காரணம்.

லெப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் சென்ட், கம்பளி, பேரீச்சம்பழம் என்று கொண்டுவருவார்கள். என் கணவர் கடலைக் கொண்டுவந்தார். அவர் அங்கே ஒரு அரபி வீட்டில் டிரைவர். அந்த வீட்டு வரவேற்பறையில் சுவர் நீளத்துக்குக் கடல்மீன் தொட்டி ஒன்று இருந்ததாம். வண்டியை எடுக்கச் சொல்லும்வரை அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாராம். ஒரு லீவில் திருச்சிக்குப் போய் கண்ணாடித் தொட்டி, மோட்டார், ஹீட்டர், கடல் தண்ணீர் கலக்கும் உப்பு மூட்டை எல்லாம் வாங்கிவந்து ஹாலில் நிறுத்திவிட்டார். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி கோமாளி மீன், மஞ்சள் வாலோடு ஒரு நீல மீன், முதுகில் வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு இறால் ஒன்று. லீவு முடிந்ததும் அவர் விமானம் ஏறினார். தொட்டி என் தலையில் விழுந்தது.

இந்த மீன்கள் ஒளிந்துகொள்ள உள்ளே கல் அடுக்க வேண்டும். கடையில் விற்கும் கடல் கல் யானை விலை. கொழுந்தனுக்கு அரியலூர் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வேலை. "கடைக்காரன் கேக்குற கல்லு நம்ம லாரியில சும்மா கெடக்கு அண்ணி. இங்க பாருங்க, சிப்பியோடயே இருக்கு" என்று ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டினான். அரியலூரே ஒரு காலத்தில் கடல்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. கல்லைக் குகை மாதிரி அடுக்கினான். அடியில் போட்ட மணல்கூட அதே கல்லின் தூள்தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவன் மீனைக் காட்ட மாட்டான், கல்லைக் காட்டுவான்.

முதல் மாதம் நான் திட்டாத திட்டு இல்லை. பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. உப்பைக் கலக்கி அளவு பார்க்கக் கற்றுக்கொண்டேன். தண்ணீரின் வாசனையை வைத்தே மாற்ற வேண்டுமா என்று சொல்ல வந்துவிட்டது. நிக்காஹ் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இங்கே இருப்பதெல்லாம் மாமியுடையது, இல்லையென்றால் கணவருடையது. என் நகைகூட மாமியின் பீரோவில்தான். தொட்டி மட்டும் அப்படி இல்லை. அதில் கை வைக்க யாருக்கும் தைரியம் கிடையாது. காலையில் நான் ஹாலுக்கு வந்தால் நீல மீன் கண்ணாடி ஓரமாக என்கூடவே நடக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

புதிதாக ஒரு குட்டி மீன் வாங்கிவந்து விட்டேன். அது வந்த வாரமே செத்தது. நோயும் அதனோடுதான் வந்திருக்க வேண்டும். நீல மீன் கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. ரவையைத் தூவிய மாதிரி மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். கணவர் உடனே வீடியோ காலில் வந்தார்.

"நீ என்ன புள்ள பண்ணித் தொலைச்ச?"

"நான் என்ன பண்ணேன் மச்சான்? அதுக்கு நோவு வந்திருக்கு."

"ஒன்னால முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். ஜெயங்கொண்டத்துல என் கூட்டாளி ஒருத்தரு தொட்டியைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. இந்த நீல மீனும் போச்சுன்னா அவருக்கே குடுத்துரலாம்."

பக்கத்தில் நின்ற மாமி, "அதுஞ்செரிதான். அந்த எடத்துல ஒரு சோபா போட்டுக்கலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கித் தொட்டிக்குள்ளேயே போட்டிருப்பேன். மீனுக்கு ஆகாது என்று விட்டேன்.

மறுநாளே பெரம்பலூர் போய் பஸ் மாறித் திருச்சிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். "வெள்ளைப்புள்ளி நோய்தாம்மா. தோல்ல ஒட்டிக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி. செம்பு மருந்து தரேன், தொட்டியில ஊத்துங்க. ஆனா ஒண்ணு, இறாலை வெளிய எடுத்துடணும். செம்பு பட்டா இறால் தாங்காது." பாட்டிலிலும் இறால் படத்தைப் போட்டு அதன் மேல் குறுக்குக் கோடு அடித்திருந்தது.

இறாலைப் பிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல் இடுக்குக்குள் போய்விட்டால் மீசை மட்டும்தான் வெளியே தெரியும். கல்லைக் கலைத்தால் நோயாளி மீன் மிரண்டே செத்துவிடும் என்று பயம். கடைசியில் இறாலா, மீனா என்று வந்துவிட்டது. மருந்தை ஊற்றிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். ஒரு இறாலுக்காக யாராவது அழுவார்களா என்று மாமி கேட்டார். முந்தின நாள்தான் கிலோக் கணக்கில் இறால் ஆய்ந்து குழம்பு வைத்திருந்தேன், அவர் கேட்டதில் தப்பில்லை.

சில நாளில் நீல மீனின் புள்ளிகள் மறைந்தன. வீட்டில் ஒரே கொண்டாட்டம். "பாத்தியா, நான் சொன்னபடி கடைக்குப் போனதால பொழச்சுது" என்று கணவர் பெயரைத் தட்டிக்கொண்டு போனார். கடைக்குப் போகச் சொன்னதே அவர் இல்லை. அப்போதுதான் கல் இடுக்கிலிருந்து இறால் வெளியே வந்தது. மீசையை ஆட்டிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல், மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தது. "மாஷா அல்லாஹ், என்னா உசுரு!" என்றார் மாமி.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இறாலைக் கொல்லும் என்று படம் போட்டே ஒட்டியிருக்கிற மருந்து இறாலைக் கொல்லவில்லை என்றால், பூச்சியை மட்டும் எப்படிக் கொன்றிருக்கும்? மலையாள வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்தேன். பாதி புரிந்தது, அந்தப் பாதியே போதும். இந்தப் பூச்சி தானாகவே மீனைவிட்டு உதிருமாம். தரையில் உட்கார்ந்து பெருகி, கூட்டமாகத் திரும்பி வருமாம். புள்ளி மறைந்தது குணமானதற்கு அடையாளமே இல்லை. நான் சொன்னதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் நீல மீன் மேல் பழையதைப் போல இரண்டு மடங்கு புள்ளி. கோமாளி மீன்களுக்கும் தொற்றிவிட்டது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அளவு கம்மியா ஊத்திருப்பீங்கம்மா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். கணவரோ, "அவன் போலி மருந்து குடுத்து ஏமாத்திட்டான். விடு, ஜெயங்கொண்டத்துக்குச் சொல்லிடறேன்" என்றார். இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தண்ணீரில் செம்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சோதனை டப்பாவை வரவழைத்தேன். குட்டிக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டால், செம்பு இருந்தால் நீலமாகும். தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டேன். நிறமே மாறாமல் வெறும் தண்ணீர் மாதிரி அப்படியே நின்றது. அத்தனை மருந்து ஊற்றிய தொட்டியில் மருந்தே இல்லை!

இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் புதிதாக உப்புத் தண்ணீர் கலந்து, இரண்டிலும் ஒரே அளவு மருந்து விட்டேன். இரண்டுமே நல்ல நீலம் காட்டின. ஆக மருந்து போலி இல்லை. என் கை அளவிலும் தப்பில்லை. அப்படியென்றால் தொட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதான் மருந்தைத் தின்கிறது. மீன் தின்னவில்லை, இறால் தின்னவில்லை. மிச்சம் இருப்பது கொழுந்தனின் கல்தான். தொட்டியில் போடாமல் கொல்லையில் கிடந்த சிப்பிக் கல் ஒன்றைக் கழுவி ஒரு வாளியில் போட்டேன். மறுநாள் சொட்டு விட்டுப் பார்த்தேன். கல் இல்லாத வாளி அதே நீலம். கல் கிடந்த வாளி வெளுத்துப் போயிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் மாமி கரண்டியோடு ஓடிவந்தார். "கல்லு குடிச்சிருச்சு மாமி! மருந்து பூரா கல்லு குடிச்சிருச்சு!" என்று கத்தினேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் ஓத ஆரம்பித்துவிட்டார்.

கொழுந்தனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கல்லு குடிக்குமா அண்ணி? சிமென்ட் ஆலைக்காரனே நம்ம கல்லைக் குத்தம் சொன்னதில்ல." இரண்டு குழாய்களையும் அவன் கண் முன்னால் நீட்டினேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கல்லில்லாம மீனை விடுறதுக்கு டப்பு எங்க இருக்கு?" என்றான். அந்த ஒரு கேள்விக்காக அவனுக்கு ஆயுசுக்கும் பிரியாணி போடலாம்.

கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஊற்றிக்கொண்டே போயிருந்தால், கல்லுக்குக் குடித்து அலுத்த அன்றைக்கு மருந்தெல்லாம் தண்ணீரிலேயே தேங்கி என் மீன்கள் செத்து மிதந்திருக்கும்.

புது பிளாஸ்டிக் டப்பு ஒன்றை ஆஸ்பத்திரியாக்கினேன். உள்ளே கல் கிடையாது, மணல் கிடையாது. ஒளிந்துகொள்ளப் பிளம்பர் கடைப் பிவிசி குழாய்த் துண்டுகள் மட்டும். கல்லையெல்லாம் கொழுந்தன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க, நான் மீன்களைப் பிடித்து டப்பில் விட்டேன். இறாலுக்கு மருந்து படாத தனி வாளி. காலியான தொட்டியை மொட்டைமாடியில் வெயிலுக்குக் காட்டினோம். எங்கள் ஊர் வெயிலுக்கு எந்தப் பூச்சி தாங்கும்?

தினமும் டப்பில் பாதித் தண்ணீரை மாற்றினேன். மாற்றிய தண்ணீருக்கும் மருந்து கலந்தேன். தினமும் சொட்டு விட்டு நீலத்தைப் பார்த்தேன். "வூட்டு உப்பு போட்டா ஆகாதா, அதுக்குத் தனி உப்பு வேணுமா?" என்று மாமி கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே வாளியைப் பிடித்துக்கொடுப்பார். நீல மீன் குழாய்க்குள் ஒருக்களித்துப் படுத்துக்கிடந்தது. அதன் நிறமே சாம்பலாகிவிட்டது. காய்ந்த கடற்பாசித் தாளைப் பூண்டுச் சாற்றில் நனைத்து அதன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். திரும்பிக்கொண்டது. மறுநாளும் பிடித்தேன், அதற்கு மறுநாளும் பிடித்தேன். ஒரு மத்தியானம், கை வலித்து எடுக்கப் போகும்போது, வெடுக்கென்று கடித்து இழுத்தது. என் விரலையும் சேர்த்துக் கடித்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் கடி வாங்கியதில்லை.

புள்ளிகள் உதிர்ந்தன. இந்த முறை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் நான் அவசரப்படவில்லை, பல வாரம் டப்பிலேயே வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம் போய் நீலம் திரும்பியது. மருந்து குடித்த பழைய கல்லையெல்லாம் தூரப் போட்டுவிட்டு, கொழுந்தன் சுரங்கத்திலிருந்து புதுக் கல் கொண்டுவந்தான். மீன்களும் இறாலும் தொட்டிக்கே திரும்பின. குடியிருக்கக் கல் நல்லதுதான், வைத்தியம் பார்க்கும்போது மட்டும்தான் ஆகாது. கடைக்காரருக்கும் போன் செய்து சொன்னேன். "இனிமே மருந்து குடுக்கறப்ப உள்ள என்ன கல்லு போட்டிருக்கீங்கன்னு கேட்டுட்டுத்தாம்மா குடுப்பேன்" என்றார். நல்ல மனுஷன்.

என் கணவர் அடுத்த லீவில் வந்தபோது செருப்பைக் கழற்றிய கையோடு தொட்டியின் முன்னால் போய் நின்றார். நீல மீன் அவரைக் கண்டுகொள்ளவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்ததும் கண்ணாடி ஓரமாக என் பின்னாலேயே வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் போன் அடித்தது. ஜெயங்கொண்டத்துக் கூட்டாளி. ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். வந்துட்டீங்களா? தொட்டியை என்னைக்கு ஏத்திக்கலாம்?"

கணவர் என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். சண்டைக்கு வேண்டிய எல்லாவற்றையும் மனதில் தயாராக வைத்திருந்தேன்.

"வ அலைக்கும் ஸலாம். அது என் தொட்டி இல்ல பாய்" என்றார் அவர். "என் வூட்டுக்காரம்மாவோடது. அவங்ககிட்டயே கேளுங்க."

போனை என்னிடம் நீட்டினார். தயார் செய்து வைத்திருந்த சண்டையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கண் கலங்கியது, குரல் மட்டும் கலங்கவில்லை.

"விக்கிறதா இல்லைங்க பாய்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.