மூன்று முறை கவிழ்ந்த பிறகுதான் துடுப்பு

ஏரிக்கரைக் கொட்டகையில் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடும் பெண்மணிக்கு, வந்து போகிறவர்கள் வைத்த பெயர் 'கவுத்தக்கா'. அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அவளும் கண்டுகொள்ள மாட்டாள். டாக்டரோ, லாரி டிரைவரோ, அவளிடம் கயாக் எடுக்க வேண்டுமென்றால் முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று முறை கவிழ வேண்டும். கவிழ்ந்ததைத் தானே நிமிர்த்தி, தானே ஏறி உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் துடுப்பு கைக்கு வரும்.

"நான் மீன் பிடிக்க வந்தேனா, குளிக்க வந்தேனா?" என்று கேட்காத ஆள் கிடையாது.

"அது ரெண்டும் இல்லாம மூணாவதா ஒண்ணு இருக்குங்க. அதுக்கு வந்ததா ஆயிடக் கூடாதுன்னுதான் கவுக்கறேன்" என்பாள்.

பன்னிரண்டு வருடம் நகராட்சி நீச்சல் குளத்தில் விசிலும் கையுமாக நின்றவள் அவள். குளத்தை மராமத்துக்கு மூடினார்கள், மூடியது மூடியதுதான். கொட்டகை வேலைக்கு வந்த முதல் வருடம், வரி அலுவலகக் குமாஸ்தா ஒருவர் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கவிழ்ந்தார். நன்றாக நீந்தத் தெரிந்தவர். ஆனால் திரும்ப ஏறத் தெரியவில்லை. ஏற முயன்று முயன்று கை சோர்ந்து, குளிரில் தாடை கிட்டிப்போய், முக்கால் மணி நேரம் கவிழ்ந்த கயாக்கையே கட்டிக்கொண்டு மிதந்தார். இவள் அன்று உள்ளே பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். துடுப்புப் போடக் கற்றுக் கொடுத்திருந்தாள். ஏறக் கற்றுக் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து மூன்று முறை என்பது சட்டமாகிவிட்டது.

புதிதாக மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்களைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயத்தை முழுசாக அச்சில் ஏற்ற முடியாது. ஏற்ற முடிந்ததை மட்டும் சொல்லலாம். இருக்கிற இரண்டு கைக்கு ஐந்து தூண்டில். தொப்பியில் நாலு பை, சட்டையில் ஒன்பது பை, ஒன்றிலும் ஒரு விசில் கிடையாது. மீன் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு திரை. காற்று எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்க்கத் தோன்றாது. லைஃப் ஜாக்கெட்டை மட்டும் மடித்துப் பின்னால் செருகிக்கொள்வார்கள். "தேவைப்பட்டா போட்டுக்கறேன்" என்பார்கள். விழுந்துகொண்டே பொத்தான் மாட்டிக்கொள்ளும் அந்த வித்தையை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவராக அவள் தங்கை வீட்டுக்காரரே வந்து சேர்ந்தார்.

கட்டில், சோபா விற்கும் பெரிய கடையில் மேலாளர் அவர். அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இந்த உலகத்தில் இன்னும் உண்டாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார் கூரையில் நீளமாக, ஒல்லியாக ஒரு சிவப்புக் கயாக்கைக் கட்டிக்கொண்டு ஏரிக்கு வந்து இறங்கினார். தங்கை பின்னாலேயே பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அக்கா அந்தக் கயாக்கைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். நடுவில், சக்கரத்தைக் கழற்றிய சுழல் நாற்காலி ஒன்று போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. கடையில் காட்சிக்கு வைத்திருந்த நாற்காலி. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"இது என்ன மாப்பிள்ளை?"

"எனக்கு முதுகு வலி அண்ணி. அதோட, உயரமா இருந்தா தண்ணிக்குள்ள நல்லாத் தெரியும்."

"உக்கார்ற இடம் உசர உசர ஆட்டமும் கூடும். இது வேகமாப் போறதுக்குன்னு செஞ்சது. அகலமே இல்ல. தரையோட தரையா உக்காந்தாலே புதுசா வர்றவங்க தடுமாறுவாங்க."

"எல்லாம் படிச்சிட்டுத்தான் வாங்கினேன்."

"நீங்க படிச்சது தண்ணிக்குத் தெரியாதே."

அவர் சிரித்தார். கடையில் வாடிக்கையாளரிடம் சிரிக்கிற சிரிப்பு. சொந்தக் கயாக் என்பதால் கொட்டகைச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஞாபகப்படுத்தினார். லைஃப் ஜாக்கெட்டை நாற்காலியில் மெத்தையாகப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, பின்னால் ஐஸ் பெட்டியும் முன்னால் நாலு தூண்டிலுமாகக் கிளம்பினார். சிம்மாசனம் ஏரியில் போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குக் காற்று கொஞ்சம் எழுந்தது. பெரிய காற்றொன்றும் இல்லை. அவள் கயிற்றுச் சிக்கல் எடுக்கிற சாக்கில் வாசலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நங்கூரம் போட்டார். கயிற்றை முன் மூக்கிலோ பின் வாலிலோ கட்டவில்லை. கைக்கு எட்டுகிறது என்று பக்கவாட்டில், தன் இடுப்புக்கு நேராகக் கட்டினார். கயாக் அலைக்கு மூக்கைக் காட்ட முடியாமல் விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. கயிறு ஒரு பக்கத்தைக் கீழே இழுத்தது.

"முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மீன் கடித்தது. அவர் ஆவேசமாகத் திரும்பினார். நாற்காலி அவரைவிட ஆவேசமாகச் சுழன்றது. அடுத்த நொடி ஏரியில் சிவப்பாக ஓர் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. கார் பக்கத்திலிருந்து தங்கை அலறினாள்.

அந்த அவசரத்திலும் அக்கா தன் ஜாக்கெட்டின் எல்லாப் பூட்டையும் போட்டு, இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டகையிலேயே அகலமான கயாக்கில் போனாள். அவர் தலை மேலே இருந்தது. பேச்சு வரவில்லை. அந்த ஆளுக்குப் பேச்சு வராமல் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெத்தை ஜாக்கெட் எட்டாத தூரத்தில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மூக்கைப் பிடிங்க! என் கயாக்கோட மூக்கை! ஓரத்துல தொங்குனீங்கன்னா ரெண்டு பேரும் போவோம்!"

அவர் ஓரத்தைத்தான் பிடித்தார். துடுப்பால் விரல் முட்டியில் ஒன்று போட்டாள். அதில் அவளுக்குக் கிடைத்த திருப்தியைப் பற்றிப் பின்னால் அவளே வெட்கப்படாமல் சொல்வாள். அவர் மூக்குக்கு மாறினார். இன்னொரு ஜாக்கெட்டை அவர் தலைவழியாக மாட்டி விட்டு, நங்கூரக் கயிற்றை அறுத்தாள். சிவப்புக் கயாக்கை நிமிர்த்தப் பார்த்தால் முடியவில்லை. கீழே தொங்கிய நாற்காலி சுழன்று சுழன்று அடம் பிடித்தது. அதை விட்டுவிட்டு, அவரைத் தன் கயாக்கின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"காலைத் தொங்கப் போடாதீங்க. உடம்பை நீட்டி உதைங்க. உதைங்க மாப்பிள்ளை, சோபாவா விக்கறீங்க இங்க?"

கரை சேர இருபது நிமிடம் ஆனது. அவர் உதடு நீலம் பூத்திருந்தது.

அடுத்த ஞாயிறு தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவர் அந்தக் கதையை உறவுக்காரர்களுக்குச் சொன்னார். கதையில் சூறாவளி வந்தது. ஆள் உயர அலை வந்தது. "கடைசியில அண்ணியும் வந்து கொஞ்சம் கைகொடுத்தாங்க" என்றார்.

"சூறாவளியா? கொடியில போட்ட என் துண்டு போட்ட இடத்துலயே கிடந்துச்சு" என்றாள் அவள்.

எப்போதும் பரிமாறுவதோடு சரி என்று இருக்கும் தங்கை, கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க நாற்காலியில இருந்து விழுந்தீங்க. அவ்வளவுதான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை தங்கை தனியாக பஸ் பிடித்துக் கொட்டகைக்கு வந்தாள். கணவரின் பழைய டி-ஷர்ட் போட்டிருந்தாள்.

"என்னைக் கவுத்து விடுக்கா."

"உனக்கு எதுக்குடி இது?"

"அன்னிக்குக் கார்கிட்ட நின்னு கத்தறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியல. அப்படி நின்னது எனக்குப் புடிக்கல. அதோட..." என்று ஏரியைப் பார்த்தாள். "எனக்கும் போகணும்னு ஆசை. யாரும் கேக்கல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஊரில் உள்ள அத்தனை பேரையும் ஏளனம் பண்ணியவள், கூடப் பிறந்தவளைப் பை தூக்குகிற ஆளாகவே இத்தனை வருடம் பார்த்திருக்கிறாள். ஏரிக்குப் பத்து தடவையாவது வந்திருப்பாள் தங்கை. 'நீ ஏறிப் பாக்கறியா?' என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. மேலாளருக்கும் தனக்கும் இந்த விஷயத்தில் என்ன பெரிய வித்தியாசம் என்று யோசித்தாள். இருந்ததாகத் தெரியவில்லை. அந்த எரிச்சலில் முதல் தடவை கொஞ்சம் பலமாகவே கவிழ்த்துவிட்டாள்.

தங்கை தண்ணீர் குடித்து இருமினாள். இரண்டாவது முறை பாதி ஏறி வழுக்கினாள். மூன்றாவது முறை காலை உதைத்து உடம்பை மட்டமாக்கி, வயிற்றைக் குறுக்கே இழுத்துப் போட்டு, புரண்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை செஞ்சு பாக்கறேன்" என்றாள். அப்படிக் கேட்டவர் இதுவரை யாருமில்லை.

சிவப்புக் கயாக் இப்போது கட்டில் கடையின் கண்ணாடி ஜன்னலில் நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் பலகை அடித்துப் புத்தகம் அடுக்கியிருக்கிறார்கள். 'ஏரியை வென்றது' என்று மேலாளர் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. சொல்லட்டும்.

செவ்வாய்க்கிழமைகளில் தங்கை அகலமான கயாக்கில் தாழ உட்கார்ந்து போகிறாள். ஒரே ஒரு தூண்டில். நங்கூரக் கயிறு மூக்கிலிருந்து இறங்குகிறது. மீன் அதிகம் கிடைப்பதில்லை. காற்று திரும்பினால், அக்கா விசில் ஊதுவதற்குள் அவளே கிளம்பி வந்துவிடுகிறாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், கொட்டகை வாசலில் இருப்பவளுக்கு அன்று முழுக்க வேலையே ஓடுவதில்லை.