விழ மறுத்த ஐந்து குண்டூசிகள்

"முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது..." ஆசிரியர் கூட்டத்தில் எல்லாரும் வருகைப்பதிவைப் பற்றிக் கவலைப்பட, அறிவியல் டீச்சர் மேசைக்கடியில் ஆணியில் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். நடுவில் டீ வேண்டுமா என்று கேட்டவர் தொலைந்தார். எண்ணிக்கை விட்டுப்போனால் ஒன்றிலிருந்து தொடங்குவார். கேட்டவரை ஒரு வாரத்துக்கு முறைப்பார்.

ஆறாம் வகுப்பு வைத்த பெயர் சுருளம்மா. கம்பி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டு மின்விசிறி ஓடி மூன்று மாதமாகிறது. அழைப்பு மணி அதற்கும் முன்பே வீரமரணம். "ஷேவிங் மெஷினையாவது விட்டுடும்மா" என்று கணவர் கெஞ்சினாராம். "தாடி உங்களுக்கு எடுப்பாத்தாங்க இருக்கும்" என்று பதில் வந்ததாம்.

போன வாரம் தலைமையாசிரியை வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "எல்லாந்தான் வீடியோவுல இருக்கே, இந்த ஆணி, கம்பியெல்லாம் எதுக்கும்மா? இன்னைக்குப் பாக்குறேன். சரியா வரலைன்னா மேசையை எடுத்துட்டுத் திரையை மாட்டிடலாம்."

சுருளம்மா பேட்டரியை இணைத்தார். ஆணி முனையில் குண்டூசிகள் மீசை மாதிரி முளைத்தன. வகுப்பு கத்தியது. "இப்ப பேட்டரியிலிருந்து கம்பியை எடுத்தா காந்தம் போயிடும். எல்லாம் பொலபொலன்னு விழும், பாருங்க!"

எடுத்தார். விழுந்தன. ஐந்து மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

அவசரத்தில் மெல்லிரும்பு ஆணிக்குப் பதில், சுவரில் அடிக்கிற எஃகு ஆணியைத் தூக்கி வந்திருந்தார். எஃகு, வாங்கிய காந்தத்தை லேசில் விடாது. வேறு யாராயிருந்தாலும் ஓர் உதறு உதறிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். இவர் முகமோ பரிசு விழுந்த மாதிரி மலர்ந்தது.

"ஐயையோ, டீச்சர் சொன்னது பொய்யாப் போச்சே! ஏன் விழல?"

"பேட்டரி கொஞ்சம் உள்ள ஊறியிருக்கும் டீச்சர்."

"போடா லூசு, ஆணிதான் சரியில்ல. வேற ஆணியில சுத்துங்க டீச்சர்!"

ஆணிப் பெட்டியைக் கிளறி ஒரு மெல்லிரும்பு ஆணி எடுத்தார்கள். வகுப்பே கோரஸாக எண்ண, ஐம்பது சுற்று. இணைத்தார்கள், ஒட்டின. எடுத்தார்கள், ஒன்று பாக்கியில்லாமல் விழுந்தன.

"அப்ப அந்த ஆணி மட்டும் ஏன் டீச்சர் பிடிச்சு வச்சிருக்கு?"

"எதை எதைப் பிடிக்குதுன்னு பாத்துட்டுச் சொல்லேன்."

மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து வந்த தலைமையாசிரியை, "தள்ளுங்கப்பா" என்று கூட்டத்தை விலக்கினார். கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி எஃகு ஆணியின் முனையில் வைத்தார். ஒட்டியது. கொண்டை சரியச் சரிய, அவர் கை அடுத்த ஊசியைத் தேடியது.