மஞ்சள் தடவிய நான்கு மாதங்கள்

அந்தப் பெரிய கடையில் எல்லாரும் அவளை மசாலாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அரிசி வரிசை முடிகிற இடத்தில் அவளுக்கு ஒரு மேசை, மின்னடுப்பு, வாணலி. அலமாரியில் ஆறு கம்பெனிகளின் கறிமசாலாப் பொடிகள் முட்டிமோதிக்கொண்டு நின்றன. நாக்கில் பட்டால்தான் தங்கள் பொடி நகரும் என்று அவளுடைய கம்பெனி அவளை அங்கே நிறுத்தியிருந்தது. உருளைக்கிழங்கை வதக்கிப் பொடியைத் தூவினால் சோப்பு விற்கிற மூலை வரைக்கும் வாசனை போகும். ருசி பார்ப்பவர்களிடம் எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்க வேண்டும். மல்லி பித்தத்துக்கு, சீரகம் செரிமானத்துக்கு, மிளகு சளிக்கு, மஞ்சள் புண்ணுக்கு. முதல் மூன்றையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவாள். நான்காவதில் நாக்கு தடுக்கும்.

அவள் கணவர் தையல்காரர். நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற பழக்கம். போன வருடம் கன்னத்தின் உள்பக்கம் சின்னதாக ஒரு புண் வந்தபோது, நூல்தான் கிழித்திருக்கும் என்று இருவரும் நினைத்தார்கள்.

"ஒரு எட்டு ஆஸ்பத்திரியில காட்டிட்டு வரட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா? நாலு நாள் மஞ்சள் வச்சா தன்னால ஆறிடும். ஊருக்கெல்லாம் சொல்றவ, உங்களுக்குச் செய்ய மாட்டேனா?"

நம்பினார். நாலு நாள் நாலு மாதமாயிற்று. தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் வாயைத் திறந்து காட்டுவார். அவள் தேனில் குழைத்துத் தடவுவாள். "அப்படியே என்னையும் வாணலியில போட்டுப் பிரட்டிடு" என்று கேலி செய்வார். தடவுகிற விரல்கூட உள்ளே நுழையாதபடி வாய் இறுகிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"இத்தனை நாளா ஏன் கவனிக்காம விட்டீங்க?" என்று டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். கவனிக்காமல் எங்கே விட்டாள்? ஒருநாள் தவறாமல் கவனித்தாள்.

புற்று என்று தாடையில் பாதியை எடுத்தார்கள். அதன்பின் மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சிதான். அவள் வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்து, துணி மாற்றிவிட்டுத்தான் அவர் பக்கத்தில் போவாள். மசாலா வாசனை வந்தால் அவருக்குப் பசி எடுத்துவிடும். அவர் ஒருநாள்கூட அவளைக் குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ருசி பார்க்க வந்த ஒரு பெண் கேட்டாள்:

"மஞ்சள் புண்ணுக்கு நல்லதுன்னீங்களே அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு நாக்கு ஓரத்துல ரெண்டு மாசமா ஒரு புண்ணு. மஞ்சள் பாக்கெட் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

மசாலாக்கா கரண்டியைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்மா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்குன்னு தள்ளாதே. உன் கால்ல வேணாலும் விழறேன்."

அந்தப் பெண் மிரண்டு கையை உருவிக்கொண்டாள். "வாய்ப்புண்ணுக்குப் போய் என்னக்கா இப்படிப் பயமுறுத்துறீங்க?" இரண்டு பாக்கெட் எடுத்துக்கொண்டாள். போகிற வழியில் புகாரும் சொல்லிவிட்டுப் போனாள்.

மேற்பார்வையாளர் வந்தார். "பொடி விக்கச் சொன்னா ஆளை விரட்டுறீங்களா?"

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரருக்கு, சார்..."

"வீட்டுக் கதையைக் கடைக்குக் கொண்டு வராதீங்கம்மா."

மறுநாள் அவளைக் கம்பெனியின் பொட்டலம் கட்டுகிற கூடத்துக்கு மாற்றினார்கள். வாய்க்கும் மூக்குக்கும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு, இயந்திரம் துப்புகிற பைகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாளா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

இரண்டு மாதத்தில் அவருக்கு அது மறுபடி கழுத்தில் கட்டியாக வந்தது. இனிமேல் வலிக்கு மட்டும் மருந்து போதும் என்றார் டாக்டர். அதன் பொருள் அவளுக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அவர் அவளை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அவள் மாட்டேன் என்றாள். இருவரும் இறங்கும் வரை நின்றுகொண்டே வந்தார்கள்.